நாற்பதாம் நாளுக்குப் பிறகு

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் என் பெரியம்மா மகளுக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியில் உள்ள ஒரு சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து இறந்துபோன தன் கணவரின் கல்லறையைச் சுற்றிக் களை பிடுங்கி, பாசி படிந்த கல்லைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டாம் தேதியன்று வரும் கல்லறைத் திருநாளுக்காகச் சாமந்திப் பூவைப் பரப்பி, இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்பு கையில் காய்வதற்குள், தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அரசுக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் குடும்ப ஓய்வூதியம் தடையில்லாமல் வரும். பதினான்கு ஆண்டுகளாக அக்கா இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து வருகிறார். முதல் இரண்டு ஆண்டுகள் நான் அவருடன் இல்லை. சேலத்தில், அஸ்தம்பட்டியில், முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டே நான் போகவில்லை. போர்வீரர்களின் குடும்பங்களுக்குக் கிறிஸ்தவச் சபை என்ன கடன்பட்டிருக்கிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது, அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிய வெட்கத்திலிருந்துதான்.

அக்காவின் கணவரான எங்கள் மாமா, காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதராஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1758-இல் தொடங்கிய அந்தப் படைப்பிரிவு இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளில் மிகப் பழமையானது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத்தான் போயிருக்கிறேன், குளிர் எனக்குப் புதிதில்லை என்று அவர் முதல் விடுமுறையில் சொன்னதாகப் பெரியம்மா சொல்வார். விடுமுறையில் வந்தால் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்காருவார். ஆராதனை முடிந்ததும், சவுக்கு மரம் போல நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்து, ஊரில் ஆள் கிடைக்காத வீடுகளுக்கெல்லாம் மிளகு பறித்துக் கொடுப்பார். அவரைப் பற்றி எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பது அந்த ஏணிதான்.

வடக்கே, பனிக்காலத்தில், மலைப்பாதையில் அவர் பணிக்குச் சென்றுகொண்டிருந்த ராணுவ ஊர்தி பள்ளத்தில் கவிழ்ந்தது. அவரும், ஊர்தியை ஓட்டிய இளம் வீரர் ஒருவரும் இறந்தார்கள். விமானத்தில் கோயம்புத்தூர் வரை வந்த பெட்டி, அங்கிருந்து சாலை வழியாகச் சேலம் வந்து, கோரிமேடு கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வழிநெடுகக் கைவிளக்குகளோடு நின்றிருந்தார்கள். மறுநாள் காலையில் வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்துத் தலைகுனிந்து நின்றார்கள். ஊதுகுழலின் ஓசை மலைச்சரிவில் மோதித் திரும்பியது. வானை நோக்கிக் குண்டுகள் முழங்கின. பெட்டியின் மேல் விரித்திருந்த மூவண்ணக் கொடியை மடித்து அக்காவின் இரு கைகளிலும் வைத்தார்கள். அவர்களுடைய மகனுக்கு அப்போது ஐந்து வயது. துப்பாக்கிச் சத்தத்தில் அவன் அழவில்லை. எல்லாரும் கலைந்து போகத் தொடங்கிய போதுதான் அழுதான்.

மூன்றாம் நாள் ஜெபம் நடந்தது. நாற்பதாம் நாள் நடந்தது. ஊர் முழுவதும் வந்தது, சேலத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள், சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, பெரியவர்கள் பேசினார்கள். அதன் பிறகு யாரும் போகவில்லை.

நான் ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல விடை எதுவும் கிடையாது. பள்ளியில் தேர்வு நேரம் என்றேன், மழைக்காலத்தில் மலை ஏற முடியாது என்றேன். உண்மையில், அந்த வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பதாம் நாள் வரை பேசுவதற்கு ஆயத்தமான சொற்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எந்தச் சொல்லும் கைகொடுப்பதில்லை. துக்க வீட்டுக்குக் காலம் கடந்து போவது முறையில்லை என்று நம் வழக்கத்தில் ஒரு தயக்கமும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

நான் விலகியிருந்த காலத்தில் அக்காவிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. “சண்டையிலயா போனாரு?” என்று கேட்பார்கள். ஊர்தி கவிழ்ந்து என்று அவர் சொன்னதும், கேட்டவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிவிடும் என்று அக்கா என்னிடம் பின்னாளில் சொன்னார். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீர மரணம் என்றால் எதிரியின் குண்டு என்று நாம் எல்லாரும் மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறோம். ஆனால், நம் எல்லைகளில் இயற்கையும் எதிரிக்குக் குறையாமல் உயிர் வாங்குகிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த காவல் நிலை ஒன்றின் மீது பனிச்சரிவு விழுந்தபோது, 19-ஆவது மதராஸ் பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் அனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். அங்கே ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அந்தப் பத்துப் பேரின் மரணத்தை யாராவது சிறியது என்று சொல்வார்களா?

அரசுக்கு வகைப்பாடு தேவைப்படுகிறது. அதில் நான் குறை காணவில்லை. படைவீரர் ஒருவர் பணியோடு தொடர்பில்லாத காரணத்தால் இறந்தால், கடைசியாக அவர் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற கணக்கில் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமும், பணியின் காரணமாக இறந்தால் 60 விழுக்காடு என்ற கணக்கில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியமும், போரிலோ எதிரியின் தாக்குதலிலோ இறந்தால் அந்த ஊதியம் முழுவதுமே குடும்ப ஓய்வூதியமாகவும் கிடைக்கும். எங்கள் மாமாவின் மரணம் நடுவில் உள்ள வகையைச் சேர்ந்தது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்து வைக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கற்களில், விடுதலைக்குப் பிந்தைய போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் பெயர் அங்கே இல்லை. அரசின் ஏடுகள் அப்படித்தான் இருக்க முடியும். சபையின் ஏட்டில் அந்த மூன்று வகைகளும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பெண்ணின் கட்டிலில் பாதி இடம் வெறுமையாகிப் போனதற்கு வகை கிடையாது.

நாம் ‘துக்கம் விசாரிப்பது’ என்கிறோம். விசாரித்தல் என்றால் கேட்டறிதல். காவல் நிலையத்தில் நடப்பதும் விசாரணைதான். ஆனால் பழைய தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் அந்தச் சொல்லுக்குப் பேணுதல் என்ற பொருளும் ஊறியிருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் ஒரு பங்கை ‘விசாரணை’ என்றும், அதைப் பொறுப்பேற்று நடத்துபவரை ‘விசாரணைக் குரு’ என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள். எங்கள் கையில் உள்ள பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில், மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், நோயாயிருந்தபோது என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மாசில்லாத சுத்தமான பக்தி எது என்று சொல்ல வரும்போது, “திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்” என்று அதே சொல்லில் தொடங்குகிறார். இந்த வசனத்தைச் சிறுவயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். அதில் நாற்பது நாள் என்று வரம்பு எதுவும் இல்லை என்பது, மாமா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தப் பகுதி வாசிக்கப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ‘படுகிற’ உபத்திரவம் என்றுதான் இருக்கிறது. அவர்கள் படுகிற வரைக்கும் நாம் விசாரிக்க வேண்டும் என்று அன்று அதை நான் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மலை ஏறினேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அக்கா, “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தார். அந்தக் கேள்வியைத் தவிர, இன்றுவரை அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வேதாகமத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பகுதி தாவீதின் கதைதான், அதிலும் கோலியாத்தை வென்ற சிறுவன் தாவீது அல்லன், பிற்காலத்துத் தாவீது. கில்போவா மலையில் அரசன் சவுலும், தாவீதின் உயிர் நண்பனான அவர் மகன் யோனத்தானும் போரில் விழுந்தார்கள். பெலிஸ்தர் சவுலின் உடலையும் அவர் மக்களின் உடல்களையும் பெத்சான் நகரத்து மதிலில் தொங்கவிட்டபோது, கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊரின் மனிதர்கள் இரவெல்லாம் நடந்து சென்று, அவற்றை இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். முன்பொரு முறை தங்கள் ஊரைக் காப்பாற்றியவருக்கு அவர்கள் செலுத்திய நன்றி அது. விழுந்த வீரனுக்குச் செய்யும் மரியாதையைப் பற்றி இதைவிடத் தூய்மையான ஒரு காட்சி எனக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து இரவெல்லாம் பெட்டியோடு வந்த அந்த வீரர்களை நினைக்கும்போது யாபேசின் மனிதர்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. யோனத்தானுக்கு ஐந்து வயதில் ஒரு மகன் இருந்தான், மேவிபோசேத் என்று பெயர். மரணச் செய்தி வந்தபோது செவிலித்தாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, அவன் கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாகிப் போயின. தந்தையின் மரணச் செய்தி ஒரு குழந்தையை எப்படி முடமாக்கும் என்பதைச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, அரசனாக அமர்ந்த பிறகு, தாவீது கேட்கிறார்: யோனத்தானுக்காக நான் தயவு செய்யும்படி சவுலின் வீட்டாரில் இன்னும் யாராவது மீதியாக இருக்கிறார்களா? யோனத்தானுக்காகப் புலம்பல் பாடி முடித்த அன்றே தாவீது கேட்டிருக்கலாம். காலம் கடந்துதான் கேட்டார். ஆனாலும் கேட்டார். லோதேபாரில் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்த அந்த முடவனை அழைத்துவரச் செய்து, அவனுடைய பாட்டனாரின் நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். அதோடு, நீ நித்தம் என் பந்தியில் சாப்பிடுவாய் என்றார்.

நிலம், பந்தி என்ற இந்த இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்க்கிறேன். நிலம் என்பது உரிமை, அதை அரசுதான் கொடுக்க முடியும். ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கான உதவித்தொகை, மருத்துவத் திட்ட அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. பந்தியை எந்த அரசாணையாலும் போட முடியாது. நிலம் கிடைத்த மேவிபோசேத் தன் பங்கை வாங்கிக்கொண்டு லோதேபாருக்கே திரும்பியிருந்தால், அவனுக்கு வயிறு நிறைந்திருக்கும், முடமும் அப்படியே இருந்திருக்கும். அரசனின் பந்தியில் மேசைக்குக் கீழே கால்கள் மறைந்துவிடுகின்றன என்று ஒரு ஆயர் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம் மண்ணுக்கும் இது அந்நியமான சிந்தனை இல்லை. பழைய சேலம் மாவட்டத்தில் 1965 வரை சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரையை மீட்கப் போய் இறந்த வீரனுக்குக் கல் எடுப்பதை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிநிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை வாழ்த்துவது வரை அத்தனை கவனம். அதோடு நின்றுவிடவும் இல்லை. ஊருக்காக இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள், அதற்கு ‘உதிரப்பட்டி’ என்று கல்வெட்டுகளில் பெயர். இரத்தத்துக்கு ஈடாக விட்ட நிலம். கல்லும் நிலமும் சேர்ந்ததே நம் முன்னோரின் மரியாதை. நாம் இப்போது கல்லை மட்டும், அதுவும் சுவரொட்டி வடிவத்தில், வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எங்கள் சபையின் பெண்கள் நாங்கள் நான்கைந்து பேர் இதைப் பெரிய ஊழியமாக நினைத்துத் தொடங்கவில்லை. அக்காவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதங்கள் இருந்தன. வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தன. பல பிரிக்கப்படவே இல்லை. மாமாவின் பணிப் பதிவேட்டில் அக்காவின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது; ஆதாரில் வேறு மாதிரி, வங்கிக் கணக்கில் மூன்றாவது மாதிரி. கணவர் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு எழுத்தர் கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்ட ஒரு எழுத்துக்காக, கணவரை இழந்த பெண் உறுதிமொழிப் பத்திரமும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. எங்களில் ஒருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் ஒரு குறிப்பேட்டில் தேதிவாரியாக எல்லாவற்றையும் எழுதினார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நாங்கள் அவருடன் சென்றோம். பேசுவதற்காக அல்ல, பக்கத்தில் உட்காருவதற்காக. தனியாக நிற்கும் பெண்ணிடம் ‘நாளைக்கு வாங்க’ என்பது எளிது, இரண்டு பேர் துணைக்கு இருந்தால் அவ்வளவு எளிதில்லை என்பதை நாங்கள் கண்டோம். பெயர்த் திருத்தம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அன்று நாங்கள் ஆலயத்தில் செய்த ஸ்தோத்திர ஜெபத்தைப் போல மனமார ஒரு ஜெபத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை.

இந்தப் பெட்டிகளைத் திறக்கும்போதுதான் சட்டங்களுக்குள் இருக்கும் வலிகளும் தெரிய வருகின்றன. வீர விருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், விருதுக்கான மாதாந்திரத் தொகை அவருக்கு நின்றுபோகும், இறந்த கணவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி நெடுங்காலம் இருந்து, 2017-இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் மாமாவுக்கு விருது எதுவும் இல்லை. அந்த விதி அக்காவைத் தொடவில்லை. ஆனாலும், அவருக்கு முப்பத்தோரு வயதில் நடந்த இந்த இழப்புக்குப் பிறகு, அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரைக் கேட்காமலே எத்தனை பேர் முடிவு செய்தார்கள் என்பதை நான் அறிவேன். சபையிலும் செய்தார்கள். மங்கல நிகழ்ச்சிகளில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைக்கும் பழக்கம் ஆலயத்துக்குள்ளும் இருந்தது என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் சபையில் கைம்பெண்ணைத் தீட்டாகப் பார்ப்பதற்கு இடமே இல்லை. எங்கள் ஆயர் ஒரு திருமணத்தில், மணமக்களுக்காக முதல் ஜெபத்தைச் செய்யும்படி அக்காவை முன்னே அழைத்தார். அன்றோடு அந்தப் பழக்கம் எங்கள் சபையில் முறிந்தது.

ஆறுதல் சொல்கிறோம் என்று நாங்கள் செய்த தவறுகளும் உண்டு. ‘நல்லவர்களைக் கர்த்தர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்’ என்று நான் ஒருமுறை சொன்னேன். “அப்ப உங்க வீட்டுக்காரர் எல்லாம்?” என்று அக்கா அமைதியாகக் கேட்டார். அதன் பிறகு அந்த வாக்கியத்தை நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே, கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், அழுகிறவர்களின் வாயை வசனத்தால் அடைக்க நமக்கு ஏது உரிமை?

கிறிஸ்தவர்கள் போர்வீரரைப் போற்றலாமா என்று எங்கள் வேதபாட வகுப்பில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி, அதை நான் ஒதுக்கவில்லை. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று கட்டளை பெற்றவர்கள் நாம். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஒருவரையும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றம் சாட்டாமல், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். வேலையை விட்டு வரச் சொல்லவில்லை. கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியிடம் கண்ட விசுவாசத்தை இஸ்ரவேலில் காணவில்லை என்றார் இயேசு. ஆனால் ஒரு படைவீரனின் மரணத்தைச் சிலுவையோடு சமமாக வைத்துப் பேசும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கும் அன்பைப் பற்றிய வசனத்தை நினைவுக் கூட்டங்களில் எல்லாம் கேட்கிறோம். மாமாவைப் போன்றவர்கள் அந்த அன்பின் சாயலைக் காட்டினார்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லும்போது இறந்தவரையும் நாம் பொய்யாக்குகிறோம், மீட்பரையும் சிறிதாக்குகிறோம். எல்லைக்கு அப்பாலும் ஒரு தாய் அழுகிறாள். அவளுக்காகவும் எங்கள் ஜெபத்தில் ஒரு வரி இருக்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். முதலில் அதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அக்காதான் அந்த வரியை விடாமல் சொல்லி வருகிறார்.

ராணுவத்துக்குள் மதம் நடத்தப்படும் விதம் பற்றியும் நம் மக்களுக்கு அதிகம் தெரியாது. பண்டிதர், மௌல்வி, சீக்கியரின் கிரந்தி ஆகியோரைப் போலவே கிறிஸ்தவப் பாதிரிக்கும் படையில் மத ஆசிரியர் பதவி உண்டு. பல முகாம்களில் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாகச் ‘சர்வ தர்ம ஸ்தலம்’ என்று ஒரே கூரையின் கீழ் வழிபாட்டிடம் இருக்கிறது. 1971 போரில் கங்காசாகரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த பழங்குடிக் கிறிஸ்தவர். கிறிஸ்தவர் என்பதற்காக அவரை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒரு சிறு மலைக்கிராமத்திலிருந்து போனவர் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் போகிறவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் போகிறார்கள். மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ரா விருதை 2015 குடியரசு நாள் விழாவில் அவர் மனைவி வந்து பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு வரும் இரவுகளை யாரும் பார்ப்பதில்லை. விருதில்லாத வீடுகளில் அந்தச் சில நிமிடங்கள்கூடக் கிடையாது.

இறந்தவர்களின் குடும்பங்களைப் பற்றியே பேசிவிட்டேன். இப்போது பணியில் இருப்பவர்களின் வீடுகளும் எங்கள் மலையில் உண்டு. பேசோர் ஆற்றங்கரையில் களைப்பால் நின்றுவிட்டு மூட்டை முடிச்சுகளைக் காத்தவர்களுக்கு, போருக்குப் போனவர்களுக்குச் சமமான பங்கு உண்டு என்று தாவீது தீர்ப்புச் செய்தார். கணவன் எல்லையில் இருக்க, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவளும், ரேஷன் கடை வரிசையில் நிற்பவளும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்பவளும் அந்தச் சமபங்குக்கு உரியவர்கள். டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் அந்த நாளில் படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக நிதி திரட்டப்படுகிறது. அதற்கு அருகில் வரும் ஞாயிறன்று எங்கள் சபையில் பணியில் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிக்கிறோம். பெயர் வாசிக்கப்படும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று கேட்பதில்லை. போன ஆண்டு எழுந்து நின்ற ஆறு வீட்டாரில் நால்வர் இந்துக்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. பந்தி என்று நான் சொன்னது அதைத்தான்.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று மலையில் தூறல். மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் படிக்கிறான், விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். தகப்பனாரின் ஏணியைக் கொண்டுவந்து கல்லறைக்கு மேல் தாழ்ந்திருந்த கிளையை அவன்தான் வெட்டினான். முந்திய நாள் சேலத்தில் வாழ்நாள் சான்றிதழுக்காகக் கைரேகைக் கருவியில் அக்கா விரலை வைத்தபோது, காபிப் பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்துபோன ரேகையைக் கருவி ஏற்க மறுத்தது. ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்து, நான்காவது விரலில் பச்சை விளக்கு எரிந்தது. ‘இருக்கேன்னு சொல்லிடுச்சு’ என்று அக்கா மகனைப் பார்த்துச் சொன்னார்.

கல்லறையில் முதல் மெழுகுவத்தியை அவர் ஏற்றினார். இரண்டாவது எனக்குப் பின்னால் இருந்த பையில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கூட இருந்தும், இரண்டாவது எதற்கு என்று நான் கேட்டதில்லை. தன்னுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முறை காற்றுக்கு அது அணைந்து அணைந்து போனதால் கேட்டேன்.

“வண்டி ஓட்டுன பையனுக்கு” என்றார் அக்கா. அந்த இளைஞருடைய ஊர் இமயமலை அடிவாரத்தில் எங்கோ இருக்கிறது. அவருடைய தாயின் தொலைபேசி எண்ணைப் படைப்பிரிவுக்காரர் ஒருவர் அப்போதே கொடுத்திருந்தார். ஓட்டியவன்மேல்தான் தப்பு என்று இங்கே சிலர் பேசியது அந்தத் தாயின் காதுக்கும் எட்டியிருக்குமோ என்ற கவலையில், முதல் ஆண்டு முடிந்ததும் அக்கா அவரை அழைத்திருக்கிறார். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ற ஒரு சொல்லை மட்டும் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. பள்ளியில் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்ட மகன் இப்போது இடையில் நின்று சொல்லிக் கொடுக்கிறான்.

நான் புடவைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டேன். அக்கா தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் நின்றதும், மகன் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, அம்மாவின் கையில் கொடுத்தான்.